மூடி பிளக்காத மரப்பெட்டி: மூன்றாவது தடவை சரியாக வந்தது

ஐப்பசி மழையும் கார்த்திகை ஈரமும் போய்விட்டன. மூடி இன்னும் நாலு பக்கமும் படிந்து மூடுகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இதே பெட்டிக்கு முதலில் செய்த மூடி பங்குனி வெயிலில் நடுவில் பிளந்தது. இரண்டாவது மழைக்குத் தாம்பாளம் மாதிரி வளைந்தது. பெட்டியின் உடம்பில் ஒரு குறையும் வரவில்லை. மரப்பெட்டியில் கஷ்டமான வேலை மூடி ஒன்றுதான். மற்றதெல்லாம் நேராக அறுக்கத் தெரிந்தால் வந்துவிடும்.

வெளி அளவு: நீளம் 24 இஞ்ச், அகலம் 14, மூடி இல்லாமல் உயரம் 11. போர்வை, பட்டுச்சேலை, கொலு பொம்மை போட்டு வைக்க. அரிசி, பருப்புக்கு வேண்டாம். காரணம் மருந்து அடிக்கும் இடத்தில் வருகிறது.

மரம் பழைய பைன். கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கும் கிரேட்டுகளை (பேக்கிங் மரக்கூடு) உடைத்து விற்கும் பழைய மரக்கடைகள் உண்டு. பலகையில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றது என்று பொருள். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரை பார்த்த பிறகு எண்ணெய்க் கறை பாருங்கள். மெஷின் எண்ணெய் ஊறிய பலகை மேலே இழைத்தால் சுத்தமாகத் தெரியும், ஆனால் பசை பிடிக்காது.

உள்ளூர் மரம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். வேம்பு நல்ல மரம்தான், ஆனால் நார் முன்னும் பின்னுமாகப் பின்னி ஓடும். கை இழைப்புளி ஒரு பக்கம் சீவினால் மறுபக்கம் பிய்க்கும். பொள்ளாச்சியில் தென்னைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் வெளிச்சுற்றில் இருக்கும் கறுத்த பாகம் மட்டும்தான் உறுதி, உள்ளே சோறு. அந்தக் கறுத்த பாகமோ நாலு பலகைக்குள் ரம்பப் பல்லை மழுக்கிவிடும், ஆணி அடித்தால் பிளக்கும். முதல் பெட்டிக்கு பைன்தான் கைக்கு அடங்கும்.

வாங்கியது 12 சதுர அடி. தேவை ஒன்பதுக்கும் குறைவு. ஆணி ஓட்டை, முடிச்சு, நுனி வெடிப்பு என்று நாலில் ஒரு பங்கு கழியும். கிரேட் ஆணிகள் வளையம் போட்டவை, இழுத்தால் வராது, தலை பிய்ந்து உடல் உள்ளேயே நிற்கும். பலகை இரண்டுக்கும் நடுவில் ஆக்சா பிளேடைச் செலுத்தி அறுத்துவிடுவது சுலபம். பிறகு கெட்டுப்போன ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக ஓட்டுங்கள். இழுக்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம். இதை விட்டால் இழைப்புளி அலகில் பல் விழும். அறுவை மில்லில் கிரேட் பலகையை இழைக்க மாட்டேன் என்று சொல்வதும் இதனால்தான்.

இழைத்து முடித்த கனம் 5 நூல். (எட்டு நூல் ஒரு இஞ்ச். ஆசாரிமார் கணக்கே இதில் வசதி, மில்லிமீட்டருக்கு மாற்றி மாற்றிக் குழம்ப வேண்டியதில்லை.) பலகை அகலம் 3¾ இஞ்ச். மூன்றைப் பக்கவாட்டில் ஒட்டினால் 11¼, ஓரம் சீவி 11 ஆக்கலாம். ஒட்டும் முன் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் இன்னும் இரண்டு சீவு. கிளாம்ப் போட்டு இழுத்து இடைவெளியை மூடலாம் என்று நினைக்கவே கூடாது. அந்த இழுவிசை மரத்துக்குள்ளேயே இருக்கும், ஒரு கோடை வந்தால் நுனியில் திறந்துகொள்ளும். கிளாம்ப் இல்லாதவர்கள் தேங்காய்க் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் குச்சி விட்டு முறுக்கினால் போதும். வண்டிப் பாரம் கட்டுகிற முறைதான். கயிறு படும் விளிம்பில் அட்டை வையுங்கள்.

மூலைப் பொருத்து காடிப் பொருத்து (காடி என்றால் பலகையில் வெட்டும் பள்ளம்). புறா வால் மாதிரி விரிந்த பல் வெட்டிக் கோத்தால் அழகு, ஆனால் பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில் உளி கொஞ்சம் மழுங்கினாலும் நார் நசுங்கும். முன்பலகை, பின்பலகை இரண்டின் நுனியிலும் உள்பக்கம் 5 நூல் அகலம், 3 நூல் ஆழம் எடுத்தால் 2 நூல் உதடு நிற்கும். பக்கப்பலகை அந்தக் காடிக்குள் உட்காரும். இங்கே எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். 14 இஞ்ச் அகலத்துக்குப் பக்கப்பலகை எவ்வளவு? இரண்டு பக்கமும் 5 நூல் கழித்து 12¾ என்று அறுத்துவிடுவார்கள். கழிக்க வேண்டியது உதட்டின் 2 நூல் மட்டும். ஆக 13½ இஞ்ச். 12¾ என்று அறுத்தால் பெட்டி முக்கால் இஞ்ச் ஒடுங்கும், அடிப்பலகை அளவும் மூடி அளவும் கூடவே மாறிவிடும்.

அடிக்கு 6 மி.மீ. பிளைவுட், காடியில் சும்மா உட்காரும், பசை இல்லை. நாலு பலகையிலும் கீழ் விளிம்பிலிருந்து 4 நூல் விட்டு, 2 நூல் ஆழக் காடி. காடியை முழு நீளத்துக்கும் ஓட விடலாம், வெளியே தெரியாது. நுனியில் ஏற்கனவே 3 நூல் எடுத்திருப்பதால் 2 நூல் காடி உதட்டைத் தொடாது. பிளைவுட் அளவு 23 இஞ்ச் 1 நூல் நீளம், 13 இஞ்ச் 1 நூல் அகலம். இதில் இரு பக்கமும் அரை நூல் தளர்வு விட்டாயிற்று. ஆறு மி.மீ. என்று விற்கிற பிளைவுட் நிஜத்தில் ஆறு இருப்பது அபூர்வம். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குக் காடி வெட்டுங்கள்.

பசை தடவிப் பூட்டியதும் மூலைவிட்டம் அளக்க வேண்டும். 24-க்கு 14 என்றால் மூலைக்கு மூலை 27 இஞ்ச் 6 நூல், மேலே ஒரு மயிரிழை. இரண்டு விட்டமும் ஒன்றாக வரும் வரை நீளமான பக்கத்து மூலையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். பசை காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

மூலைக்கு இரும்பு ஸ்க்ரூ போடாமல் மூங்கில் ஆணி. ஒவ்வொரு மூலைக்கும் நாலு, மொத்தம் 16. மூங்கிலைப் பிளந்து, கத்தியால் 5 மி.மீ. கனத்துக்குச் சீவி, வாணலியில் எண்ணெய் இல்லாமல் நிறம் மாறாத அளவுக்கு வறுத்து எடுக்க வேண்டும். வறுத்த ஆணி கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஓட்டையில் இறங்கிப் பசை ஈரத்தைக் குடித்ததும் உப்பி இறுகும். ஓட்டை 5 மி.மீ., ஆழம் ஒன்றரை இஞ்ச், ஒன்று சற்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் சாய. வறுக்காமல் அடித்த ஆணியில் இரண்டு, ஆடிக் காற்றுக்குப் பிறகு விரலால் இழுத்தாலே கழன்று வந்தன.

மருந்து: வெண்காரம் 150 கிராம், போரிக் பவுடர் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 5 லிட்டர். உள்பக்கமும் அடியும் இரண்டு கை பூசி, நிழலில் நாலு நாள் காய வேண்டும். கரையானுக்கு இது போதும். இது ஏறிய பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது, கையுறை போட்டு அடியுங்கள். தண்ணீர் பட்டால் கரைந்து போகும், அதனால் மேலே பூச்சு கட்டாயம். வரிசை முக்கியம்: ஒட்டி முடித்த பிறகுதான் மருந்து. பலகையிலேயே அடித்துவிட்டு ஒட்டப் போனால் ஃபெவிகால் வெண்காரத்தோடு சேர்ந்து ரப்பர் மாதிரி திரண்டுவிடும். பிள்ளைகள் ஸ்லைம் செய்வது இதே வித்தைதான். அப்படி ஒட்டிய மாதிரித் துண்டு, மறுநாள் மேஜை விளிம்பில் தட்டியதும் இரண்டாகப் பிரிந்தது.

இனி மூடி. நாலு பலகை ஒட்டி 15, சீவி 14½ இஞ்ச் அகலம், 25 நீளம். பின்பக்கம் பெட்டியோடு சமம், மற்ற மூன்று பக்கமும் 4 நூல் வெளியே நீளும். மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான் சுருங்கி விரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பங்குனி சித்திரை வெயிலும் ஒரு பக்கம், ஐப்பசி ஈரம் இன்னொரு பக்கம். 14 இஞ்ச் பைனில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் அளவு வித்தியாசம் வரும். ஒரு நூல்தானே என்று நினைத்ததுதான் முதல் மூடியின் கதை. கார்த்திகையில் ஈரம் குடித்து நின்ற பலகைகளுக்கு அடியில் குறுக்குச் சட்டம் இரண்டைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கியது. பலகையின் அகலத்தில் சட்டத்தின் நீளம் படுவதால் அது அசையாது. பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை, நடுவில் பிளந்தது. பிளந்தது பசை போட்ட கோட்டில் இல்லை, அதன் பக்கத்தில் மரத்திலேயே. பசைமேல் பழி போட வழியில்லை.

இரண்டாவது மூடிக்குச் சட்டமே இல்லை. அதோடு பாலிஷ் மேலே மட்டும், உள்பக்கம் பச்சை மரம். மழைக்காலத்தில் மேல்முகம் ஈரம் குடிக்கவில்லை, கீழ்முகம் குடித்து விரிந்தது. ஓரம் இரண்டும் மேலே எழும்பின, நடுவில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும் என்பது அலங்கார விஷயம் இல்லை.

மூன்றாவதில் சட்டம் உண்டு, பசை இல்லை. சட்டம் 12 இஞ்ச் நீளம், 2 இஞ்ச் அகலம், 5 நூல் கனம். பெட்டியின் உள் அகலம் 12¾, இரு நுனியிலும் 3 நூல் இடம் மிச்சம். ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று ஸ்க்ரூ, 8 நம்பர், ஒரு இஞ்ச். நடு ஓட்டை மட்டும் வட்டம். நுனி ஓட்டை இரண்டும் நீள ஓட்டை: 5 மி.மீ. பிட்டால் சட்டத்தின் நீளவாட்டில் இரண்டு துளை அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் நிற்கும் மரத்தை உளி நுனியால் எடுத்தால் 10 மி.மீ. நீளம் கிடைக்கும். வாஷர் வைத்து இறுக்கி, அரைச் சுற்று தளர்த்துங்கள். சித்திரையில் இந்த ஓட்டையை எட்டிப் பார்த்தால் ஸ்க்ரூ நடுவிலிருந்து உள்பக்கம் நகர்ந்து நிற்கும், மழையில் வெளிப்பக்கம். நகர்கிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நிறம் கொடுத்ததில் இரண்டு தோல்வி. ஈரோட்டு மஞ்சளைத் தூளாக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பூசினால் (தண்ணீரில் சாயம் இறங்காது) அன்றைக்குத் தங்கம் மாதிரி இருக்கும். ஜன்னலோரம் வைத்த மாதிரித் துண்டு சில வாரத்தில் வெளுத்துவிட்டது. மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. சரி, வெளிச்சம் படாத உள்பக்கத்துக்காவது என்று பூசினால் திட்டுத் திட்டாகச் செம்பழுப்பு. உள்பக்கம் வெண்காரமும் போரிக்கும் ஊறியிருந்தது. மஞ்சள் அதோடு சேர்ந்தால் சிவக்கும். நிறம் போச்சு, ஆனால் இதில் ஒரு லாபம்: மருந்து எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை என்று கழிவுத் துண்டில் இதைத் தடவியே பார்க்கலாம்.

நிலைத்தது கடுக்காய்க் கறுப்பு. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் 50 கிராம் வாங்கி, கொட்டை நீக்கி இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியாக வற்றும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இரும்பு நார் அரைப்பிடி, வினிகர் 200 மில்லி, கண்ணாடி ஜாடியில் இரண்டு நாள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் போட்டால் ஒரு வாரம் ஆனாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். துருப்பிடிக்கிற இரும்பு வேண்டும். முதலில் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீர் இரண்டு கை. பலகை வெளிர் மஞ்சளாக, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். காய்ந்ததும் இரும்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் ஒரு இழுப்பு. பிரஷ் போன தடத்திலேயே சாம்பல், பத்து எண்ணுவதற்குள் நீலம் ஓடிய கறுப்பு. பைனில் துவர்ப்பு குறைவு, அதனால்தான் கடுக்காய். அது இல்லாமல் இரும்பு மட்டும் பூசினால் அழுக்குச் சாம்பலோடு நின்றுவிடும். ஓரத்தில் கசிந்திருக்கும் ஃபெவிகால் மேல் எதுவுமே ஏறாது, வெள்ளைத் தழும்பாக நிற்கும். பசையை ஈரத்திலேயே துடைக்காமல், கெட்டியானதும் உளியால் சுரண்டி எடுப்பதே மேல்.

மறுநாள் அரக்குப் பாலிஷ், லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்கு, மூன்று கை, உள்ளும் புறமும். மழை பெய்யும் நாளில் பூசினால் பால் மாதிரி வெளுக்கும். அப்படி ஆனால் வெயில் நாளில் வெறும் ஸ்பிரிட் லேசாகத் தடவினால் தெளியும். ஆளிவிதை எண்ணெய் உள்பக்கத்துக்கு வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது, சேலையில் ஏறும்.

மூடி மேல் கோலம். முதலில் 60 வாட் சால்டரிங் அயர்னால் மரத்தைச் சுட்டு வரையப் பார்த்தது. பைனில் மெத்தென்ற வரியும் கெட்டி வரியும் மாறி மாறி வரும். மெத்தில் முனை முங்குகிறது, கெட்டியில் வழுக்குகிறது, வளைவு முழுக்கப் படிக்கட்டு. கைவிட்டாயிற்று. பதிலுக்கு, புள்ளிக்குப் பித்தளை ஆணி, கோட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட். ஏழு புள்ளி ஒன்று வரை நேர்ப்புள்ளி, ஆக 25 ஆணி. புள்ளி இடைவெளி ஒன்றரை இஞ்ச், மொத்த வீச்சு 9 இஞ்ச், 14½ மூடியில் இருபுறமும் நல்ல வெறுமை கிடைக்கும். சோபாவுக்கு அடிக்கிற குமிழ்த்தலை ஆணி, அரை இஞ்ச் நீளம். மூடி 5 நூல் கனம், மறுபக்கம் எட்டாது. 1.5 மி.மீ. துளை போட்டு, தலையில் துணி வைத்துத் தட்டுங்கள்.

சிக்குக் கோட்டுக்கு, காலி மெகந்திக் கோனில் அக்ரிலிக் வெள்ளை நிரப்பி, ஒரு நூல் கனத்துக்கு நுனி வெட்டினால் பிசிறில்லாமல் வரும். பாலிஷ் காய்ந்த பிறகு வரைந்தால் தப்பான வளைவை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப இழுக்கலாம். கோட்டை முதலில், ஆணியைப் பிறகு. முதலில் ஆணி அடித்தால் கோன் நுனி அதில் முட்டி முட்டி நிற்கும். கோலத்துக்கு மேல் அரக்குப் பாலிஷ் பூசாதீர்கள், ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கி இழுக்கும். தேன்மெழுகு மட்டும்.

அடியில் விரிக்கப் பவானி ஜமக்காளத் துண்டு. மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சிக்கு விருந்து. 22½-க்கு 12½ அட்டையில் சுற்றி, பின்னால் தைத்து, சும்மா போட்டால் எடுத்துத் துவைக்கலாம். கைப்பிடி 12 மி.மீ. கயிறு, உள்ளே முடிச்சு. கீல் இரண்டரை இஞ்ச் பித்தளை, மூன்று. பித்தளை ஸ்க்ரூவை நேரே முறுக்கினால் கழுத்து ஒடியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டு, பித்தளையை சோப்பில் தேய்த்து ஏற்றுங்கள். முன்னால் நாதாங்கி, ஓட்டை நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் கீலில் கட்டுண்டு கிடப்பதால் மூடியின் அசைவெல்லாம் முன்பக்கம்தான் வரும். இருபுறமும் சங்கிலி இல்லாவிட்டால் மூடி பின்னால் சாய்ந்து கீலைப் பிய்க்கும். அடியில் அரை இஞ்ச் குமிழ் நாலு, வீடு கழுவும் தண்ணீர் தொடாமல் இருக்க.

செலவு: பலகை 600, பிளைவுட் 120, கீல் 210, சங்கிலி நாதாங்கி 95, பித்தளை ஆணி 130, ஃபெவிகால் 150, உப்புத்தாள் 90, வெண்காரமும் போரிக்கும் 100, கடுக்காய் வினிகர் வகை 90, அரக்கும் ஸ்பிரிட்டும் 240, ஜமக்காளத் துண்டு 150, கயிறு 40. மொத்தம் 2,015 ரூபாய். கெட்டுப்போன இரண்டு மூடிக்குப் போன பலகை 350 தனி.

அடுத்த பெட்டியில் மாற்றப் போவது: உயரத்தை 11-லிருந்து 9 ஆக்குவது. முழுக்கப் போர்வை வைத்தால் ஒருவரால் தூக்க முடியவில்லை, கயிற்று ஓட்டையின் மேல் விளிம்பு நசுங்க ஆரம்பித்திருக்கிறது. அந்த ஓட்டையை விளிம்பிலிருந்து இரண்டரை இஞ்ச் கீழே இறக்கி, உருண்டை அரத்தால் வாயை மழுக்க வேண்டும். சட்டத்தின் முன்நுனியையும் சாய்வாகச் சீவ வேண்டும், இப்போது மூடும்போதெல்லாம் மேலே இருக்கும் போர்வையின் நூல் ஒன்றை அது இழுக்கிறது.